பெட்டியடிப் பையனின் ஊர்ப்பாதை: ப. சிங்காரத்தின் நாவல்களோடு செட்டிநாட்டில் நான்கு நாள் நடை

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். தேக்குத் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நிற்கிறார்கள், வாழை இலையில் சாப்பிடுகிறார்கள், இரண்டாம் நாள் மாலை ரயிலேறிவிடுகிறார்கள். இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘பர்மா, மலேயா’ என்று பதில் வருகிறது. ப. சிங்காரத்தைப் படித்தவருக்கு அந்தப் பதில் போதவே போதாது. கடலுக்கு அந்தப் பக்கம் கைமேசைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வசூலுக்கு அலைந்து, இரவில் ஊரை நினைத்துக்கொண்டு படுத்திருந்த ஆட்களை அவருக்குத் தெரியும். அந்த ஆட்களின் ஊர்களை அவர்களுடைய கண்ணால் நடந்து பார்ப்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்காரத்தின் இரண்டு நாவல்களிலும் கதை பெரும்பாலும் நடப்பது இந்தோனேசியாவின் மெடானில், மலேயாவின் பினாங்கில், போர்க்காலக் கிழக்காசியாவில். ‘இதோ இந்தத் திண்ணையில்தான் அந்தக் காட்சி’ என்று விரல் நீட்டிக் காட்ட இங்கே இடமே கிடையாது. இங்கே இருப்பது அந்த மனிதர்கள் விட்டுவிட்டுப் போன ஊர், அங்கே இருந்தபடி ஓயாமல் நினைத்துக்கொண்ட ஊர். அதனால் இந்த நடையில் நாம் தேடவேண்டியது புறப்பாட்டின் தடங்களை. பையன் எந்தத் தெருவிலிருந்து கிளம்பினான், எந்தச் சாலையில் போனான், யாருடைய வீட்டு முகப்பில் வேலை கேட்டு நின்றான் என்ற வரிசையிலேயே நான்கு நாட்களையும் அமைத்திருக்கிறேன்.

படித்துவிட்டு வாருங்கள்

சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1959-லும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-லும் புத்தகமாயின. இரண்டும் சேர்ந்த ஒரே தொகுப்பாகவும் கிடைக்கின்றன. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு தொடங்குங்கள். பலர் பெரிய நாவலான ‘புயலிலே ஒரு தோணி’யை முதலில் எடுத்து, மெடான் தெருப் பெயர்களிலும் மலாய், டச்சுச் சொற்களிலும் திணறிக் கீழே வைத்துவிடுகிறார்கள். சின்ன நாவலான ‘கடலுக்கு அப்பா’லில் தொடங்குவதுதான் என் யோசனை. செல்லையா, மரகதம், வயிரமுத்துப் பிள்ளை என்று மூன்று பேரைச் சுற்றி வட்டிக்கடையின் உள்கட்டு முழுவதும் அதில் தெரிந்துவிடும். கடையில் வேலை பார்த்துவிட்டு இந்திய தேசிய ராணுவத்துக்குப் போன ஒருவனை அந்தக் கடை மறுபடி எப்படிப் பார்க்கிறது என்பதைப் படித்த பிறகு, செட்டிநாட்டின் எந்த முகப்பும் உங்களுக்குப் பழையபடி தெரியாது.

பெரிய நாவலைப் படிக்கும்போது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நாயகன் பாண்டியன் தன் ஊரான சின்னமங்கலத்தையும் மதுரையையும் நினைத்துக்கொள்ளும் பக்கங்களின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள். கூடவே வந்து நடக்கப்போவது அந்தப் பக்கங்கள்தான்.

ஆசிரியரின் வாழ்க்கையும் சுருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1920-ல் சிங்கம்புணரியில் பிறந்தார். உள்ளூரிலும் மதுரை செயின்ட் மேரிஸ் பள்ளியிலும் படித்தார். 1938-ல், பதினெட்டு வயதில், சிங்கம்புணரிக்காரர் ஒருவரின் மெடான் கடைக்கு வேலைக்குப் போனார். போர் முடிந்து 1946-ல் திரும்பி வந்து மதுரையில் ‘தினத்தந்தி’யில் சேர்ந்தார். நாற்பது வருடம் அங்கேதான் வேலை. மனைவியையும் குழந்தையையும் இந்தோனேசியாவிலேயே இழந்தவர். பிறகு மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாகவே வாழ்ந்து, சேமிப்பைக் கல்விக்காகக் கொடுத்துவிட்டு 1997-ல் இறந்தார். இலக்கிய உலகம் அவரைச் சரியாகக் கவனிக்க வெகுநாள் பிடித்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

கடைமொழி கொஞ்சம்

இந்தச் சொற்கள் காதில் இருந்தால்தான் நடையில் கண் திறக்கும். முதலாளி ஊரிலேயே இருப்பார். கடலுக்கு அப்பால் கடையை நடத்துகிற ஏஜெண்டுக்கு மேலாள் என்று பெயர். அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள். எல்லாருக்கும் கீழே, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகும் சிறுவன் பெட்டியடிப் பையன். போய்வரும் காலத்துக்குக் ‘கணக்கு’ என்று பெயர். ஒரு கணக்கு என்றால் பொதுவாக மூன்று வருடம். மூன்று வருடத்துக்குச் சேர்த்துச் சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே குடும்பத்துக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். பையனின் அம்மா கையில் அந்தப் பணம் இருக்கும். பையன் இருக்கமாட்டான்.

வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது. பிள்ளைமார், நாடார், இன்னும் பல சாதிக்காரர்கள் கடைகளில் இருந்தார்கள், சிலர் சொந்தக் கடையும் வைத்தார்கள். சிங்காரமே நாடார் வீட்டுப் பிள்ளை, வேலை பார்த்தது பிள்ளைவாள் கடையில். மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் நாவலின் பாதி ஆட்களை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். என்னுடைய பாதை சந்தைத் தெருவில் தொடங்குவது இதனால்தான்.

எப்போது, எப்படி

கார்த்திகை முதல் மாசி வரை நடக்கலாம். சித்திரை, வைகாசி வெயில் இந்தச் செம்மண் பூமியில் பொறுக்கமுடியாது, ஆனால் வைகாசியில்தான் சிங்கம்புணரித் தேர். இரண்டில் ஒன்றை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் காலை ஆறிலிருந்து பத்து வரை, மாலை நாலிலிருந்து ஆறரை வரை என்று நடையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுப்பகலை ஊர்க்காரர்களைப் போல நிழலுக்கே விட்டுவிடுங்கள்.

மதுரை வழியாக வருவது நல்லது. அங்கே ஒரு மாலை இருக்க முடிந்தால் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் புத்தகத்தின் மதுரைப் பக்கங்களோடு ஒரு சுற்று வாருங்கள். மறுநாள் அதிகாலை மாட்டுத்தாவணியிலிருந்து சிங்கம்புணரிக்கு பஸ் ஏறலாம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சென்னையிலிருந்து நேராக வருபவர்களுக்குக் காரைக்குடி வரை பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அங்கிருந்து திண்டுக்கல் போகும் பஸ்கள் திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போகும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு. ஒன்று நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், இன்னொன்று வேலூர்ப் பக்கம் தனி மாவட்டமாகிவிட்டது. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது என் நண்பர் ஒருவர் ஊரை மாற்றி எடுத்துவிட்டார். காலையில் அவருக்காக நான் இங்கே காத்திருக்க, அவர் அங்கே ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு என்னைத் தேடினார். ஒரு நாள் போயிற்று.

தங்குவதற்குக் காரைக்குடிதான் வசதி. கையில் தண்ணீர், தொப்பி, கழற்றி மாட்ட எளிதான செருப்பு இருக்கட்டும். கோயிலுக்கும் வீட்டுக்கும் நாளில் பத்து முறையாவது கழற்ற வேண்டியிருக்கும்.

முதல் நாள்: சிங்கம்புணரி

நாவலில் வருவது சின்னமங்கலம். வரைபடத்தில் தேடவேண்டாம். அது ஆசிரியர் தன் சிங்கம்புணரியிலிருந்து உண்டாக்கிக்கொண்ட ஊர் என்றே வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை பொருத்திப் பார்க்கும் வேலையில் இறங்காதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் நோட்டோடு அலைந்து ஒரு காலைப் பொழுதை வீணாக்கினேன். இரண்டாம் முறை நோட்டைப் பையில் போட்டுவிட்டுச் சும்மா நடந்தேன். அன்றுதான் ஊர் பேசியது.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு டீ குடித்துவிட்டுக் கடைத்தெருவுக்குள் நடங்கள். சிங்கம்புணரி, செட்டிநாட்டின் மேற்கு ஓரத்தில், திண்டுக்கல் சாலையும் மதுரைப் பக்கச் சாலையும் வந்து சேரும் இடத்தில் இருக்கும் வியாபார ஊர். காரைக்குடியைப் போல மாளிகை அடுக்குகள் இங்கே கிடையாது. தென்னை நாரும் கயிறும் இந்த ஊரின் தொழில். ஊரின் ஓரங்களில் நார் காய்வதையும் கயிறு திரிப்பதையும் இன்றும் பார்க்கலாம். திரிப்பவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்று பாருங்கள். கை எப்படிப் போகிறது, கணக்கு எப்படிப் போடுகிறார்கள், கூலி எப்படிப் பேசப்படுகிறது என்று கவனியுங்கள். இதைப் பார்த்து வளர்ந்த பையன்தான் மெடானில் பேரேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

சந்தை கூடும் நாளை முன்கூட்டி விசாரித்துக்கொண்டு அந்த நாளிலேயே வர முடிந்தால் நிறையப் பலன் உண்டு. சிங்காரத்தின் எழுத்தின் வேகம் சந்தையில்தான் புரியும். ஒரே மூச்சில் பெயர்களையும் சரக்குகளையும் குரல்களையும் அடுக்கிக்கொண்டே போவாரே, அந்த அடுக்கு சந்தைக்காரன் வாயிலிருந்து வருவது. பை நிறைய வாங்கவேண்டாம். ஓர் ஓரமாக நின்று ஒரு பேரம் முழுவதையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேளுங்கள். பிறகு அங்கேயே எங்காவது உட்கார்ந்து, பென்சில் கோடு போட்ட பக்கங்களில் இரண்டை வாசியுங்கள்.

அடுத்து சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில். பூரணை, புஷ்கலையோடு அய்யனார் இருக்கும் பெரிய கோயில் இது. கிராமத்து எல்லையில் மண்குதிரைகளுக்கு நடுவே பார்த்துப் பழகிய அய்யனாருக்கு இங்கே மதிலும் மண்டபமும் தேரும் இருக்கின்றன. வைகாசித் தேரோட்டத்தன்று தேரடியில் ஆயிரக்கணக்கான தேங்காய்களை எறிந்து உடைப்பார்கள், சிதறு தேங்காய் பொறுக்கச் சிறுவர்கள் கூட்டம் முட்டி மோதும். அன்றைக்குப் போனால் கூட்டத்துக்கு நடுவில் போகாமல் தள்ளி நின்று பாருங்கள், தேங்காய் எந்தப் பக்கம் வரும் என்று சொல்லமுடியாது. மற்ற நாட்களில் கோயில் அமைதியாக இருக்கும். வெளிநாடு போகிறவர்கள் குலசாமிக்குச் சொல்லிவிட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம் என்பதை நினைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றுங்கள்.

ஆசிரியர் பிறந்த வீடு எது என்று தேடி யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. பெரியவர்கள் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால், ‘ஐயா, உங்கள் வீட்டில் அக்கரைக்குப் போனவர்கள் உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்டால் தலையசைப்பதோடு முடியும். அக்கரை என்று கேட்டால் கதை வரும். எனக்கு ஒரு பெரியவர் தன் தாத்தா கொண்டுவந்த தகரப் பெட்டியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை தம்பி, பெட்டிதான் வந்தது என்றார்.

மாலைக்குப் பிரான்மலை. சிங்கம்புணரியிலிருந்து சுமார் 7 கி.மீ., பஸ் இருக்கிறது. பாரியின் பறம்புமலை இதுதான் என்பது மரபு. அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம், பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று நிலைகளில் அமைந்த கோயில். மலை உச்சியில் ஒரு தர்கா இருக்கிறது. உச்சி ஏற்றம் செங்குத்தானது, ஏறுவதானால் வேறொரு நாள் காலையை முழுதாக ஒதுக்குங்கள். இன்று கீழேயே போதும். பினாங்கில் நண்பர்கள் கூடிச் சங்ககாலப் பெருமைகளைக் கோபமும் நையாண்டியுமாகப் புரட்டிப் போடும் பகுதி பெரிய நாவலில் வருகிறதல்லவா, அதைப் பாரியின் மலையடியில் உட்கார்ந்து படிக்கவேண்டும். மூவேந்தர் முற்றுகையிட்ட மலை என்று பள்ளியில் படித்ததும், பிழைப்புக்காகக் கப்பலேறிய தமிழனைப் பற்றி அவர் எழுதியதும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும்.

இரண்டாம் நாள்: காவடிச் சாலை

இன்று உண்மையிலேயே நடை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழநிக்கு நடக்கும் பழைய பாதை குன்றக்குடி, மருதிபட்டி, சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம் வழியாகப் போகிறது. அந்தப் பாதையில் நாம் எதிர்த்திசையில், கிழக்குப் பார்த்து நடக்கப்போகிறோம். சிங்கம்புணரியிலிருந்து திருப்பத்தூர் சுமார் 20 கி.மீ. முழுவதும் நடக்கத் தேவையில்லை. விடியலில் கிளம்பி, வெயில் ஏறும் வரை நடந்து, பிறகு கைகாட்டி பஸ் ஏறிவிடுங்கள். வண்டிகள் வேகமாக வரும் சாலை, ஆகையால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாகவே நடங்கள். கூட்டமாகப் போனால் வரிசையாக, ஒருவர் பின் ஒருவர்.

ஏன் இந்தச் சாலை? கடலுக்கு அப்பால் போனவர்கள் முருகனையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். பினாங்கில் தண்ணீர்மலையில் கோயில் எழுப்பி, இங்கே பழநிக்குக் காவடி போகும் அதே தைப்பூசத்தில் அங்கேயும் காவடி எடுத்தார்கள். தை மாதத்தில் வந்தால் இந்தச் சாலையில் காவடிக் கூட்டம் எதிரே வரும். அப்போது ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். வழிநெடுகத் தண்ணீரும் மோரும் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் வாங்கிக் குடியுங்கள்.

திருப்பத்தூரில் மருது சகோதரர்களின் நினைவிடம். 1801 அக்டோபர் 24 அன்று அவர்களைத் தூக்கிலிட்ட ஊர் இது. அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பிள்ளையார்பட்டிக்கு பஸ் பிடியுங்கள். குடைவரையில் இருக்கும் கற்பக விநாயகர், நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றான பிள்ளையார்பட்டிக் கோயிலுக்கு உரியவர். யாத்திரைக் கூட்டம் எப்போதும் இருக்கும். பக்கத்தில் கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டியும் இருக்கிறது. ஆனால் அது வேறொரு எழுத்தாளரின் நடை, அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள்.

இரவு காரைக்குடி. கால்களை வெந்நீரில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

மூன்றாம் நாள்: காரைக்குடியில் விலாசம் படித்தல்

இந்த நாள் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

காலை கொப்புடையம்மன் கோயிலில் தொடங்கி, அதைச் சுற்றிய பழைய தெருக்களில் நடங்கள். பிறகு செக்காலைப் பக்கமும் முத்துப்பட்டணத்திலும். கண்ணை வீட்டின் அழகில் விடாமல் வாசலுக்கு மேலே, நிலைப்படியில், கேட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளில் வையுங்கள். இரண்டு, மூன்று, சில இடங்களில் நாலைந்து முதலெழுத்துகள் இருக்கும். அதுதான் விலாசம். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று தலைமுறைகளைச் சுருக்கி அடுக்கிய வரிசை. கடலுக்கு அப்பாலும் கடைக்கு அதே பெயர்தான். கடையை மட்டுமல்ல, ஆளையும் அதே எழுத்துகளால் அழைத்தார்கள்.

அதை உரக்கப் படிக்க ஒரு முறை இருக்கிறது. குறில் எழுத்தானால் நீட்டி ‘னா’ சேர்க்கவேண்டும்: அ என்றால் ஆனா, க என்றால் கானா, மு என்றால் மூனா. நெடிலானால் பின்னால் ‘வன்னா’ அல்லது ‘யன்னா’ வரும்: ஆ என்றால் ஆவன்னா, நா என்றால் நாவன்னா, ஈ என்றால் ஈயன்னா. இப்போது ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் வயிரமுத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவரை எல்லாரும் ‘வானாயீனா’ என்பார்கள். வ, யி. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே ஆளுக்குப் பெயராக நின்றுவிட்டன. இந்த முறை பிடிபட்டதும் தெருவில் நடந்தபடி ஒவ்வொரு வாசலையும் வாய்விட்டுப் படியுங்கள். மூனா ஆனா. கானா மூனா. பத்து வீடு தாண்டுவதற்குள் பினாங்கின் செட்டித் தெருவில் நடப்பது போல இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு வந்தால் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள், தெரு முழுவதும் கூவிக்கொண்டு வருவார்கள்.

அடுத்து முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். பிரித்து விற்ற வீடுகளின் மிச்சம் இங்கே குவிந்திருக்கிறது. கதவு, தூண், ரவிவர்மா படங்கள், சாவி கொடுக்கும் கடிகாரம். நீங்கள் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று கணக்குப் பெட்டி, மேல் மூடி சாய்வாக, திறந்தால் உள்ளே சில்லறைக்கும் முத்திரைக்கும் சிறுசிறு அறைகளோடு இருக்கும் மரப்பெட்டி. நாவலின் உலகம் முழுக்க இந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. தொடுவதற்கு முன் கேளுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து அதன் முன்னால் ஒரு நிமிடம் இருக்க விடுவார்கள். அந்த உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்தால் எதிரே நிற்கும் ஆளின் இடுப்புவரைதான் தெரியும், முகம் பார்க்கத் தலையை நிமிர்த்தவேண்டும். பெட்டியடிப் பையனுக்கு மனிதர்கள் தெரிந்த உயரம் அது.

இரண்டாவது, மங்குச் சாமான். பூப்போட்ட, விளிம்பில் கோடு போட்ட தட்டுகளும் தூக்குகளும் கிண்ணங்களும். மலாய் மொழியில் மங்குக் என்றால் கிண்ணம். எங்கள் வீடுகளில் எந்த யோசனையும் இல்லாமல் ‘மங்கு’ என்று புழங்கிக்கொண்டிருந்த சொல், ஒரு நாள் நாவலின் மலாய்ப் பேச்சுக்கு நடுவே படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பலில் பாத்திரம் மட்டும் வந்துவிடவில்லை.

வாங்குவதானால், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு அலட்டிக்கொள்ளவேண்டாம், பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். ஆனால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருட்களுக்குச் சட்டம் தனியாக இருக்கிறது. சிலை, செம்புத்தகடு போன்றவற்றை ஆர்வத்தில் வாங்கிவிடாதீர்கள்.

மதியம் சாப்பாட்டில் கவுனி அரிசி கிடைக்குமா என்று கேளுங்கள். கருஞ்சிவப்பாக இருக்கும், வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டுத் தருவார்கள். பர்மாவிலிருந்து இந்த ஊர்ச் சமையலறைக்கு வந்த அரிசி. செட்டிநாட்டுக் கோழியை ஊரெல்லாம் தின்னலாம், இதை இங்கேதான் சாப்பிடவேண்டும்.

மாலை கம்பன் மணிமண்டபம். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் ஊர் இது. சிங்காரம் கப்பலேறி ஒரு வருடம்கூட ஆகியிருக்குமோ ஆகாதோ, இங்கே கம்பனுக்கு மேடை போட்டிருக்கிறார்கள். பழந்தமிழ்ப் பெருமை இந்த மண்ணில் எவ்வளவு உரத்து ஒலித்துக்கொண்டிருந்தது என்பது தெரிந்தால்தான் பாண்டியனின் ஏளனத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதும் தெரியும்.

நான்காம் நாள்: முகப்பு வரை

இன்றுதான் மாளிகை. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு பஸ் உண்டு, ஆட்டோவும் கிடைக்கும். அளந்து கோடு கிழித்தது போன்ற தெருக்கள். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடு நீண்டுகொண்டே போகும். ஒரே வீட்டைச் சுற்றி முன்னிருந்து பின் வரை எத்தனை அடி என்று காலால் அளந்து பாருங்கள். பிறகு ஊருணிக் கரையில் உட்காருங்கள்.

வீட்டின் உள்ளமைப்பு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுக்களை என்று போகும். முகப்பில் திண்ணைகள், வழவழப்பான தூண்கள், கணக்கப்பிள்ளை உட்காரும் இடம். வளவில் நடுமுற்றமும் சுற்றிலும் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஓர் அறையும். மரம் பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, சுவர் மட்டும் முட்டை வெள்ளைக்கரு கலந்த உள்ளூர்ச் சுண்ணாம்பு. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு செட்டியார்கள் வசமாயிற்று. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது விட்டுவிட்டு ஓடிவரவேண்டியதாயிற்று. பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்து ‘ஐயோ, அழகு வீணாகிறதே’ என்று வருந்துகிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே வருந்தவேண்டும். சிங்காரம் இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் எழுதினார்.

சில வீடுகள் விடுதிகளாகிவிட்டன, சிலவற்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். ஆத்தங்குடியிலும் அப்படி ஒரு பெரிய வீடு உண்டு. பெரும்பாலானவை பூட்டியிருக்கும், கல்யாணத்துக்கும் சாமி கும்பிடுவதற்கும்தான் திறப்பார்கள். காவல்காரர் அனுமதித்தால் முகப்பு வரை போய்விட்டு அங்கேயே நில்லுங்கள். இது என் யோசனை மட்டுமே, ஆனால் மனதார்ந்த யோசனை. வேலை கேட்டு வந்த பையன் அதற்கு மேல் உள்ளே போயிருக்கமாட்டான். அவன் நின்ற இடத்தில் நின்று உள்ளே பாருங்கள்: வெயில் விழும் முற்றம் ஒன்று, அதற்கப்பால் இன்னொரு கதவு, அதற்கப்பால் இன்னொன்று, கடைசியில் பின்தெருவின் ஒரு கீற்று வெளிச்சம்.

ஒரு முறை அப்படி நின்றுகொண்டிருந்தபோது உள்ளிருந்து ஓர் ஆச்சி வந்தார். உள்ளே வாருங்கள் தம்பி, ஏன் அங்கேயே நிற்கிறீர்கள் என்றார். காரணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் அப்பத்தா கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் கணவரோடு இருந்த நாட்களை விரலில் எண்ணிச் சொல்வார் என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று வருடக் கணக்கு பையனுக்கு மட்டும் இருந்ததில்லை. அதற்குப் பிறகு வளவின் அறைகளைப் பார்க்கும்போதெல்லாம் காத்திருந்தவர்களைத்தான் நினைக்கிறேன்.

நேரம் இருந்தால் ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறை ஒன்றுக்குப் போய்வாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்து ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

மாலை ஐந்து மணிக்கு மேல் செட்டிநாடு ரயில் நிலையத்துக்கு நடந்து போங்கள். எல்லா ரயிலும் இங்கே நிற்பதில்லை, நிற்கும் ரயில்களின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதும் இல்லாவிட்டால் பெரிய சாலைக்கு வந்து காரைக்குடிக்கு பஸ் ஏறிவிடலாம், இருட்டும் முன்பே கிளம்பிவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் பினாங்குக்குக் கப்பல் நாகப்பட்டினத்தில் நின்றது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பையன் ஊரின் செம்மண்ணைக் காலிலிருந்து தட்டிவிட்டிருப்பான். நடைமேடையில் கூட்டம் இருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து பெரிய நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி திறங்கள். மெடானுக்குள் ஜப்பானியப் படை வந்துகொண்டிருக்கும்.